ஹொப்ஸ் இல்லாத இருபத்துநான்கு போத்தல்கள்

மே 20, சனி

காலை ஏழு மணிக்கே கிளம்பி, லின்ட்சேக்குப் பக்கத்தில் இருக்கும் பேரின்பத்தின் ஆட்டுப் பண்ணைக்குப் போனேன். பேரின்பம் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். ரொறன்ரோவில் இருபது வருடம் டாக்சி ஓட்டிவிட்டு இப்போது நாற்பது ஆடுகளோடு குடும்பம் நடத்துகிறான்.

போன வருடம் அவனுடைய காணி ஓரத்து ஃபர் மரத்தின் தளிரைத்தான் வீட்டில் காய்ச்சின பியருக்குப் போட்டேன். பியருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹொப்ஸ் பூ ஒரு கிள்ளு கூட இல்லை. கடையில் வாங்கின ஹொப்ஸைப் போட்டால் யார் காய்ச்சினாலும் ஒரே மணம், பிறகு நான் எதற்கு? ஃபர் தளிர், தோடம்பழத் தோல், தேசிக்காய்த் தோல், அவ்வளவுதான். குடித்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். என் முதலாளி அம்பலம் அண்ணை ஒரு கோப்பையை முடித்துவிட்டு, இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். தளிரைக் கசக்கி மூக்கில் வைத்தால் தோடம்பழம் மணக்கும், மணக்காவிட்டால் அது வேறு மரம், மூக்குத்தான் எல்லாம் என்று விளக்கினேன். குகனின் மூக்குக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று ஆலைச் சனம் முழுவதற்கும் முன்னால் சொன்னார். அவருடைய கறித்தூள் ஆலையில் பத்தொன்பது வருடமாக அந்த மூக்குக்குத்தான் எனக்குச் சம்பளம். மல்லியும் சீரகமும் சட்டியை விட்டு எப்போது இறங்க வேண்டும் என்று மணத்தை வைத்துச் சொல்கிறவன் நான்.

இந்த முறை சனியன் பிடித்த பனி. புதன் இரவு கொட்டின பனியில் ஃபர் தளிர் பாதிக்கு மேல் கருகிப்போயிருந்தது. ஒரு பைதான் தேறியது. ஓடைப்பக்கம் இறங்கிப் போனேன். பெரிய மரங்களின் நிழலில் இடுப்பளவு பற்றைகள், அதே தட்டையான ஊசி இலை, இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி. தளிர் அவ்வளவு மென்மை. வழக்கம்போல் கசக்கி மூக்கில் வைத்தேன். டிசம்பரில் பிடித்த சளி இன்னும் விட்டபாடில்லை. அதனால் என்ன, எனக்கு இலை தெரியாதா? இரண்டு பை நிறைய உருவினேன்.

தளிர் எடுத்த கொப்புகளை வீணாக்க மனம் வரவில்லை. ஆடு வளர்க்கிற வீட்டுக்குப் போனால் ஒரு பிடி குழை ஒடித்துப் போடாமல் வருகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. ஒரு கட்டுக் குழையை வேலிக்கு மேலால் எறிந்தேன். இரண்டு மூன்று ஓடிவந்து மொச்சு மொச்சென்று தின்றன. மிச்சத்தை வேலிக்கு வெளியே குவித்துவிட்டு வந்தேன். பேரின்பம் தீனி வாங்கப் போயிருந்தான், காணவில்லை.

மே 21, ஞாயிறு

பியர் காய்ச்சியாயிற்று. முளைப் பார்லியை ஊறவைத்து வடித்து, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, தளிரையும் தோலையும் போட்டேன். அரைப் பை தளிர் மிஞ்சியது, ஃபிரீசரில் இருக்கிறது.

பாதியில் பேரின்பம் ஃபோன். இரவு இரண்டு ஆடு செத்துவிட்டதாம். நேற்று வாங்கின புதுத் தீனி மூட்டையில்தான் பூஞ்சணம் என்கிறான். கடைக்காரனைச் சும்மா விடாதே என்று சொன்னேன். நல்ல ஆடுகள், பாவம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பானை பொங்கி அடுப்பில் வழிந்து கருகிவிட்டது. மேல்மாடியில் இருந்த பவளம் கருகல் மணம் என்று கத்திக்கொண்டு இறங்கி வந்தாள். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஃபோனில் கவனமாக இருந்துவிட்டேன், அவ்வளவுதான். பவளம் அடுப்பை அணைத்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கட்டி முப்பது வருடம், இன்னும் என்ன பார்வை வேண்டிக்கிடக்கிறது?

மே 24, புதன்

பியர் புளிக்க வைத்த வாளியில் இருந்து காற்று டுபுக் டுபுக் என்று வெளியேறுகிறது. ஈஸ்ட் நன்றாக வேலை செய்கிறது.

மே 30, செவ்வாய்

ஆலையில் இன்று மிளகாய் வறுவல். மிளகாய் பிரச்சினை இல்லை, அது கண்ணைக் கரிக்கும், பொதி கட்டுகிற பெண்கள் இருமத் தொடங்குவார்கள், அது போதும். மல்லிதான் துரோகி. இருமவும் வைக்காது, கண்ணையும் கரிக்காது. நிறத்தைப் பார்த்து, மணிக்கூட்டைப் பார்த்து, பக்கத்தில் நிற்கிற மரியதாசின் முகத்தையும் ஒருதரம் பார்த்து இறக்குகிறேன். மரியதாஸ் எனக்கு உதவியாள், நாற்பது வயது, கெட்டிக்காரன். அவன் மூக்கை உயர்த்தினால் சரியான நேரம்.

ஜூலையில் புதுக் காற்றாடி பூட்டப் போகிறார் அம்பலம் அண்ணை. புகை முழுவதையும் இழுத்துவிடுமாம். பிறகு ஒருவரும் இரும மாட்டார்கள். சளிக்கு வேறு மருந்து கேட்க வேண்டும்.

ஜூன் 3, சனி

போத்தலில் அடைத்தோம். சீனிப்பாகு விட்டு, நிரப்பி, மூடி இறுக்கி, சரியாக இருபத்துநான்கு. அடிமண்டியோடு ஒரு கிளாஸ் மிஞ்சியது.

பவளம் அதை என்னிடம் நீட்டி, என்ன மணக்குது, சொல்லுங்கோ என்றாள். தோடம்பழமும் தேசிக்காயும் சேர்ந்து வருகிறது என்று சொன்னேன். போன வருடம் போலவா என்றாள். அதைவிடத் திறம் என்றேன். அவள் கிளாஸை வாங்கி முழுவதையும் குடித்தாள். கசப்புக் கூடிப்போச்சு என்று மட்டும் சொன்னாள். நான் குடிக்கவில்லை. சளிக்கு மருந்து எடுக்கிறேன்.

ஜூன் 4, ஞாயிறு

பவளத்துக்கு இரவு முழுக்க வயிற்றுப் பிரட்டலும் சத்தியும். விடியப்புறம் நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது என்றாள். வெள்ளிக்கிழமை தின்ற கணவாய்க் கறிதான் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். மத்தியானம் எழும்பிக் கஞ்சி குடித்தாள்.

ஜூன் 17, சனி

போத்தல்கள் பழுத்துவிட்டன. பவளத்தின் தம்பி சிறீகரனுக்கு ஆறு கொடுத்தேன். வருகிற சனிக்கிழமை அவனுக்கு ஐம்பது, அன்றைக்கு உடைப்பானாம். அம்பலம் அண்ணை வீட்டுக்குப் போய் ஒன்று கொடுத்தேன். அவர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மருமகன் வருகிறார், அவரோடு இருந்து குடிக்கிறேன் என்றார். நாளைக்கா என்று கேட்டேன். நாளைக்கு இல்லை, அடுத்த ஞாயிறு. மிச்சம் பதினேழு வீட்டில்.

ஜூன் 22, வியாழன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

நாலு மணிக்குப் பேரின்பம் ஃபோன் எடுத்தான். நேற்று வேலிப்பக்கம் துப்புரவாக்கி, அங்கே குவிந்து கிடந்த காய்ந்த கொப்புகளைப் பட்டிக்குள் எறிந்திருக்கிறான். இன்று காலை இன்னொரு ஆடு. இந்த முறை மிருக வைத்தியரைக் கூப்பிட்டான். வயிற்றை வெட்டின உடனேயே வைத்தியர் இலையைக் கண்டுபிடித்துவிட்டார். யூ என்று ஒரு பற்றை. இலை, தளிர், கொப்பு, காய்ந்தாலும் நஞ்சு. நேரே இதயத்தை நிறுத்துமாம்.

"டேய் குகன், நீ போட்ட குழைதான்ரா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கூடச் சுட்டது. பிறகு கொஞ்சம் நிறுத்தி, "பியருக்கும் அதையோ போட்டனி?" என்றான்.

இல்லை, அது மேல் பக்கத்து ஃபர் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? வாய் தானாகச் சொன்னது.

ஃபிரீசரில் இருந்த அரைப் பையைக் கொட்டி, ஃபோனில் படங்களை வைத்து ஒவ்வொரு தளிராகப் பார்த்தேன். ஃபர் இலையின் அடியில் இரண்டு வெள்ளைக் கோடு இருக்கும். யூவுக்கு இல்லை. மூன்றில் இரண்டுக்குக் கோடு இல்லை.

பவளம் அந்த ஒரு கிளாஸைக் குடித்த இரவு நினைவுக்கு வந்தது. கணவாய் இல்லை. கடவுளே, அது கணவாய் இல்லை. குசினிக் கதிரையில் இருந்து அழுதேன். அவள் வேலையால் வர முன்பு முகத்தைக் கழுவிக்கொண்டு பதினேழு போத்தலையும் சிங்கில் ஊற்றினேன்.

ஆறும் ஒன்றும் வெளியே இருக்கின்றன.

ஜூன் 23, வெள்ளி

சிறீகரனிடம் காலையிலேயே போனேன். சீனி கூடிப்போனது, போத்தல் வெடிக்கும், கண்ணாடி கண்ணில் பறந்தால் என்ன செய்வது என்று சொன்னேன். நல்ல காலம், அவன் பயந்தவன். அத்தான் உடனே கொண்டுபோங்கோ என்று ஆறையும் பெட்டியோடு காருக்குள் வைத்துவிட்டான். ஆறும் ஊற்றியாயிற்று.

ஆலையில் அம்பலம் அண்ணையிடமும் அதே கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். குளிருக்குள் இருக்கிற போத்தல் எப்படி வெடிக்கும், ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் படுத்திருக்கிறது, சிங்குக்கு மேலே பிடித்துத் திறக்கிறேன், நீ பயப்படாதே என்றார். வேறு போத்தல் தருகிறேன் என்றேன். வேண்டாமாம், இதுதான் வேண்டுமாம்.

இலை மாறிப்போச்சு என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. ஆனால் அடுத்த கேள்வி என்ன? கசக்கி மணந்து பார்க்கவில்லையா? அந்தப் பாடத்தை அவருக்கு எடுத்ததே நான். அதற்கு என்ன பதில் சொல்வேன்? ஐம்பத்தாறு வயதில் என்னை யார் வேலைக்கு எடுப்பான்? வீட்டுக் கடன் இன்னும் ஏழு வருடம்.

ஞாயிறு வரைக்கும் குடிக்க மாட்டார். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. வேறு ஏதாவது வழி பார்ப்போம்.

ஜூன் 24, சனி

சிறீகரனின் பிறந்தநாள். நான் சிரித்துக்கொண்டு திரிந்தேன் என்று நினைக்கிறேன். பவளம் இரண்டுதரம் என்ன என்று கேட்டாள். தலையிடி என்றேன்.

பவளம் ஒரு கிளாஸ் குடித்தும் எழும்பி நடந்தாள்தானே. ஆனால் அது அவள். அம்பலம் அண்ணைக்கு அறுபத்தெட்டு வயது, போத்தலில் இரண்டு கிளாஸ் இருக்கும்.

அண்ணையின் வீட்டுப் பக்கம் காரை விட்டுக்கொண்டு போனேன். ஒருவரும் இல்லை, கதவு பூட்டி இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். நாளைக்குக் காலையில் போய் எப்படியாவது எடுக்க வேண்டும். மருமகன் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவார்.

ஜூன் 25, ஞாயிறு

பதினொரு மணிக்குப் போனேன். ஒன்பதுக்குப் போயிருக்கலாம். காருக்குள் இருந்து என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிட்டேன்.

மருமகன் நேரத்தோடு வந்துவிட்டார். பின்வளவில் அண்ணை நெருப்பு மூட்டிக் கோழி வாட்டிக்கொண்டிருந்தார். கையில் கிளாஸ். போத்தல் திறந்திருந்தது. மருமகன் கார் ஓட்ட வேண்டும் என்று தொடவில்லை.

"வா வா, நல்ல நேரத்தில வந்தாய்" என்றார். "என்னடா குகன், ஒரே கசப்பாக் கிடக்கு. மணத்தைக் காணேல்லை. உன்ர மூக்கு எங்க போனது?"

கிளாஸ் பாதிக்குக் கீழே இருந்தது. அதைப் பிடுங்கிப் புல்லில் எறிந்தேன். நஞ்சு என்று கத்தினேன். அண்ணையின் மகள் ஓடிவந்தாள். எல்லோரும் நான் குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்தார்கள். யூ, மூன்று ஆடு, இதயம் என்று உளறிக்கொட்டினேன். மருமகன் முதலில் விளங்கிக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் காரில் இருந்தோம்.

ஆஸ்பத்திரியில் நஞ்சு என்ற சொல்லைக் கேட்டதும் வரிசை விலகியது. அண்ணையின் சட்டையைக் கழற்றி, நெஞ்சு முழுக்க வயர் ஒட்டி, திரையில் கோடு ஓடத் தொடங்கியது. குடிக்கக் கரித்தண்ணீர் கொடுத்தார்கள். இளம் டாக்டர், பெண்பிள்ளை, என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். எந்தச் செடி? எவ்வளவு? எத்தனை மணிக்கு? அது யூதான் என்று எப்படித் தெரியும், கசக்கினால் ஃபருக்கு மணம் இருக்குமே, இதற்கு இருந்ததா?

எனக்குத் தெரியாது என்றேன்.

என் இங்கிலீஷ் விளங்கவில்லை என்று நினைத்து மருமகனைத் தமிழில் கேட்கச் சொன்னாள். அவர் கேட்டார். அண்ணை கட்டிலில் கிடந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மணம் தெரியாது" என்று தமிழில் சொன்னேன். "டிசம்பர்ல காய்ச்சல் வந்து போனதில இருந்து ஒரு மணமும் தெரியாது. இலையைக் கசக்கிப் பாத்தனான். ஒண்டும் தெரியேல்லை. தெரியாமலே பிடுங்கினனான்."

டாக்டர் எழுதினாள். அண்ணை ஒரு கையை ஊன்றி எழும்பப் பார்த்தார்.

"டிசம்பரோ? அப்ப மாசியில அமெரிக்காவுக்குப் போன சரக்கு?"

நான் திரையில் ஓடுகிற கோட்டைப் பார்த்தேன்.

"வருசப்பிறப்புக்குப் போனது? எல்லாம்?"

"நிறத்தைப் பாத்துத்தான் அண்ணை."

"என்னைக் கொல்லப் பாத்ததை விடு" என்றார். உதடு துடித்தது. "என்ர தூளை நீ கண்ணாலயோ வறுத்தனி?"

திரையில் கோடு தாறுமாறாக ஓடி, மெஷின் கத்தத் தொடங்கியது. தாதி ஓடிவந்து என்னை வெளியே போகச் சொன்னாள். அது நஞ்சா, கோபமா என்று ஒருவருக்கும் தெரியாது. நடையில் நின்றேன். அம்பலம் அண்ணை செத்தால் நான்தான் கொன்றது. வெள்ளிக்கிழமை ஒரு சொல், அது ஒன்றைச் சொல்ல வெட்கப்பட்டுக் கொன்றது.

மூன்று மணி நேரத்துக்குப் பிறகு மருமகன் வந்து, கோடு ஒழுங்காகிவிட்டது, இரவு வைத்திருந்து பார்ப்பார்கள் என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பவளத்திடம் ஒன்று விடாமல் சொன்னேன். மணம் இல்லை என்று சொன்னபோது அவள் அசையவில்லை. மார்கழியில் டோஸ்டரில் பாண் கருகினபோதே தெரியும் என்றாள். கெட்டுப்போன பாலை நான் தேத்தண்ணிக்கு விடப் போகும்போதெல்லாம் அவள்தான் எடுத்து ஊற்றியிருக்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. தெரிந்திருந்தால் ஏன் அந்தக் கிளாஸைக் குடித்தாய் என்று கேட்டேன்.

"அதில ஒரு மணமும் இல்லை. நீங்கள் தோடம்பழம் எண்டீங்கள்" என்றாள். "இல்லையெண்டு சொன்னா உங்கட முகம் செத்துப்போகும். அதுதான் குடிச்சனான். மூக்குப் போனதை நான் தாங்கிட்டன். உண்மை சொல்லுற வாயும் சேந்து போகும் எண்டு நினைக்கேல்லை."

பிறகு எழும்பிப் போய் உடுப்புத் தோய்க்கப் போட்டாள்.

ஜூன் 26, திங்கள்

அண்ணை மத்தியானம் ஆஸ்பத்திரியில் இருந்து தன் வீட்டுக்குப் போய்விட்டார். ஒன்றும் இல்லை. நான் வேலைக்குப் போகவில்லை. பேரின்பத்துக்கு ஃபோன் எடுத்து, அன்றைக்குச் சொன்னது பொய் என்றேன். தெரியும் என்றான். மூன்று ஆட்டுக்கும் காசு தருகிறேன் என்றேன். அதைப் பிறகு பார்ப்போம், முதலில் ஒரு டாக்டரிடம் போ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

நான் இதுவரை இந்தக் கொப்பியில் சளி என்று எழுதினது எல்லாம் பொய்.

ஜூன் 28, புதன்

அம்பலம் அண்ணை காலையில் ஆலைக்கு வந்திருந்தார். முகம் கொஞ்சம் மெலிந்திருந்தது. என்னைத் தன் அறைக்குக் கூப்பிடவில்லை. வறுவல் அறைக்கே வந்து, எல்லோரையும் கூட்டி, "நீயே சொல்லு" என்றார்.

பதினொரு பேர் நின்றார்கள். சொன்னேன். டிசம்பரில் இருந்து எனக்கு மணம் தெரியாது, தெரிந்த மாதிரி நடித்து வறுத்தேன், தெரியாத இலையைப் பிடுங்கி முதலாளிக்குக் குடிக்கக் கொடுத்தேன் என்று. ஒருவரும் சிரிக்கவில்லை. பொதி கட்டுகிற பெண்களில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

மரியதாசிடம் அகப்பையைக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். எனக்குப் பெட்டி ஒட்டுகிற மேசை. சம்பளம் குறையும், எவ்வளவு என்று பிறகு சொல்வாராம். வேலையை விட்டே அனுப்புவார் என்று நினைத்திருந்தேன். நன்றி சொல்லப் போனேன், கையை ஆட்டிப் போகச் சொன்னார்.

மத்தியானம் மல்லி சட்டியில் இருந்தது. மரியதாஸ் முதல்தடவை தனியாக வறுக்கிறான். அவன் என் பக்கம் திரும்பி, "அண்ணை, இறக்கவோ?" என்று கத்தினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாதடா" என்றேன்.

பத்தொன்பது வருடத்தில் அந்த ஆலைக்குள் நான் அப்படிச் சொன்னதில்லை. மரியதாஸ் சட்டிப் பக்கம் திரும்பி, குனிந்து, ஒரு மூச்சு இழுத்து, மல்லியை இறக்கினான். நான் அடுத்த பெட்டியை எடுத்து ஒட்டினேன்.